முதல் குழாய் ரத்தம்

ஜனவரி 6, செவ்வாய்

இன்றும் பூஜ்ஜியம். மூன்று பேர் ரத்தம் கொடுத்தார்கள், மூன்றிலும் ஒன்றும் இல்லை. இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவர்கள் ரத்தத்தில் புற்றுநோய் செல்லே இல்லையா, இல்லை, இருந்தும் என் கருவிக்கு அகப்படவில்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமலே மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

நடுவில் கருவிக்குள் காற்றுக் குமிழி வேறு. கால்வாயின் வளைவில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. தட்டினேன், சூடாக்கினேன், கெஞ்சினேன். கடைசியில் சில்லையே கழற்றிப்போட்டு வேறு மாட்ட வேண்டியதாயிற்று. குமிழிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார். "நீ அங்க என்னதான் பண்றேன்னு இன்னிக்காவது புரியிற மாதிரி சொல்லு" என்றார். சொன்னேன். தபால் தலை அளவு கண்ணாடிச் சில்லு. அதற்குள் முடி கனத்தில் ஒரு கால்வாய். அதில் ரத்தத்தை விடுவோம். அடியில் ஒட்டியிருக்கும் படிகம் அதிரும். காதுக்குக் கேட்காத ஒலி. அந்த ஒலி அலை பெரிய செல்களை வேகமாக நடுவுக்குத் தள்ளும், சின்னவை ஓரத்திலேயே தங்கிவிடும். புற்றுநோய் செல் பெரும்பாலும் பெரியது. கால்வாயின் முடிவில் மூன்று வாய். நடு வாயில் வருவதைத் தனியே பிடித்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் எண்ணுவோம்.

"அப்போ ரத்தத்துக்குப் பாட்டுப் பாடிக் காட்டுறீங்க" என்றார்.

ஆமாம். பாட்டைக் கேட்டு இதுவரை யாரும் எழுந்து வரவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 7, புதன்

குமிழி.

ஜனவரி 20, செவ்வாய்

ரத்தம் கொடுக்க முதல் ஆளாக வருவது எப்போதும் நீச்சல் டீச்சர்தான். ஐம்பது தாண்டியவர். விடியற்காலை வகுப்பை முடித்துக்கொண்டு ஈரத் தலையோடு நேராக இங்கே வந்துவிடுவார். அறை முழுக்கக் குளோரின் வாடை அடிக்கும். மார்பில் புற்று வந்து, அறுவை, மருந்து, கதிர் எல்லாம் முடிந்து இரண்டு வருஷமாகிறது. தாமாக முன்வந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு குழாய் ரத்தம் தருகிறார். அவருக்குப் பின்னால் கட்டிங் மாஸ்டர் வருவார், தையல் கடைக்காரர், குடலில் வந்து குணமானவர். கடைசியாக ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர்.

"என்ன விஞ்ஞானி, போன தடவை மீன் மாட்டுச்சா?" என்றார் டீச்சர், கையை நீட்டியபடியே.

"சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும் டீச்சர்."

"தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன். மாட்டலைன்னா எனக்கு நல்லது. மாட்டினா உனக்கு நல்லது. நம்ம ரெண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும், சொல்லு."

ஊசி போடும் நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அது முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது. தினமும் நுண்ணோக்கியில் குனியும்போது நான் மனசுக்குள் எதை வேண்டிக்கொள்கிறேன்?

இன்றும் மூன்று பூஜ்ஜியம். எரிச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சுருக்கம்'. எல்லாரிடமும் "சுருக்கமா சொல்லு" என்பார். அவர் ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு போய்விடும். இன்று போய்விட்டது.

மே மாத மாநாட்டில் எங்கள் கருவியைப் பற்றிப் பேச அவர் இடம் வாங்கிவிட்டார். நோயாளி ரத்தத்தில் ஒரு செல்லைக்கூடப் பிடிக்காத கருவியைப் பற்றி என்ன பேசுவது?

"உன் கஷ்டம் என்ன, சுருக்கமா சொல்லு."

சொன்னேன். ரத்தத்தைத் தொடும் முன் ஒவ்வொரு நாளும் பயிற்சி செல்களை ஓட்டிப் பார்ப்போம். செல் வளர்க்கும் அக்கா புட்டியில் வளர்த்துத் தருகிற புற்றுநோய் செல்கள். அவை ஒழுங்காக நடு வாய்க்கு வந்தால் ஒலி சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அந்தச் சில்லைக் கழற்றிவிட்டு, ரத்தத்துக்குப் புதுச் சில்லு. அங்கேதான் கோளாறு. புதுச் சில்லு மாட்டினதும் பொருத்தம் நூலிழை விலகிவிடுகிறது.

"அப்போ எதுக்கு மாத்துற? ஒரே சில்லுல ஓட்டு. நடுவுல நல்லாக் கழுவு. தீந்துது."

சரியென்றுதான் பட்டது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஏழு!

ஏழு செல். நீச்சல் டீச்சரின் குழாய். பச்சையாக, உருண்டையாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல். எங்கள் சாயத்தில் புற்றுநோய் செல் பச்சையாகவும் வெள்ளையணு சிவப்பாகவும் தெரியும். இவை சிவப்பே இல்லை. சுத்தப் பச்சை. கட்டிங் மாஸ்டருக்குப் பூஜ்ஜியம், தபால்காரருக்குப் பூஜ்ஜியம். அதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. கருவி கண்டபடி காட்டினால் எல்லாருக்கும் அல்லவா காட்டும்?

நடைபாதைக்கு ஓடினேன். அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் "என்னடி, என்னடி" என்கிறார், நான் "ஏழு, ஏழு" என்கிறேன்.

அப்புறம் கழிப்பறையில் முகம் கழுவும்போதுதான் உறைத்தது. ஏழு செல், யாருடையது?

குளோரின் வாடை இன்னும் அறையில் இருந்தது.

பிப்ரவரி 18, புதன்

சுருக்கம் என் முதுகில் தட்டினார். மாநாட்டுச் சுருக்கவுரையை இன்றைக்கே திருத்தி அனுப்பப் போகிறாராம். நான் மதியம் மருத்துவமனைக் கட்டிடத்துக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நீச்சல் டீச்சருக்குச் சிகிச்சை பார்ப்பவர். எங்கள் ஆய்வுக்கு ஆட்களை அனுப்புகிறவரும் அவரே.

"அடுத்த ஸ்கேன் மே மாசம்" என்றார்.

"கொஞ்சம் முன்னாடி எடுக்க முடியாதா டாக்டர்?"

"எதை வச்சு? உங்க கருவிய வச்சா? அது சரியா வேலை செய்யுதான்னு பாக்கத்தானே அவங்க ரத்தம் தர்றாங்க. அது சொல்றத வச்சு அவங்களுக்கே வைத்தியம் பாக்கச் சொல்றீங்களா?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

மார்ச் 3, செவ்வாய்

டீச்சருக்கு ஐந்து. மற்ற இருவருக்கும் பூஜ்ஜியம்.

காலையில் நடந்ததை எழுதவே கை வரவில்லை. வழக்கம்போல வந்தார், கை நீட்டினார். "என்ன விஞ்ஞானி, மீன் மாட்டுச்சா?" போன தடவை மாட்டின ஏழும் என் கண்முன்னே நிற்கிறது. 'சொல்லக் கூடாது டீச்சர்' என்று எப்போதும் சொல்கிறதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குழாய்களை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நிமிரும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. சொல்ல வேண்டாம்" என்றார்.

அவ்வளவுதான். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் என்ன பண்ணிட்டேன்? ஒண்ணும் சொல்லலையே. ஒரு வார்த்தை சொல்லலையே நான்.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். லிப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் அவர். எதற்கும் லிப்டில்தான் வந்து நிற்பார். "ரெண்டு மாடிக்கு நடுவுல லிப்ட் நின்னு போச்சுன்னா, உள்ள இருக்கவங்களுக்கு எது பயம் தெரியுமா? வெளிய ஆள் சத்தம் கேக்குது, ஆனா யாரும் பேச மாட்டேங்கிறாங்க, அதான்" என்றார்.

"உங்க லிப்டைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா" என்று கத்திவிட்டேன். பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டார். ரொம்ப நேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, திங்கள்

ஒன்று கவனித்தேன். என் கருவி தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மூன்று வருஷ வேலை. மண்ணாய்ப் போகட்டும் என்று.

மார்ச் 17, செவ்வாய்

டீச்சர் வரவில்லை. நர்ஸ் போன் செய்தாள், எடுக்கவில்லை.

காத்திருந்துவிட்டுக் கட்டிங் மாஸ்டரின் குழாயை முதலில் ஓட்டினேன். அவருக்கு எப்போதும் பூஜ்ஜியம். இன்று ஆறு. அதே பச்சை, அதே உருண்டை.

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது 'ஐயோ, இவருக்குமா' என்ற நினைப்புத்தான். தபால்காரர் குழாயை ஓட்டி முடிக்கும் வரைக்கும் அந்த நினைப்புத்தான். அவருக்குப் பூஜ்ஜியம்.

முதல் குழாய்க்கு மட்டும் வருகிறது. இதுவரை முதல் குழாய் என்றால் டீச்சர். இன்றைக்கு மாஸ்டர். அதற்கு முன்னால் அதே சில்லில் ஓடியது என்ன?

பயிற்சி செல்.

அடிப்பாவி. அடிப்பாவி நானே.

மார்ச் 18, புதன்

பயிற்சி செல்லை ஓட்டினேன். வழக்கம்போலக் கழுவினேன். பிறகு ரத்தத்துக்குப் பதிலாக வெறும் உப்புநீரை விட்டேன். நடு வாயில் எட்டு செல். மறுபடி உப்புநீர்: ஒன்றுமில்லை.

ரத்தம் உள்ளே போகிற குழாய் சில்லோடு சேருகிற மூலையில் ஒரு பொந்து. எவ்வளவு கழுவினாலும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்து வருகிறவர்களோடு கிளம்பி வருகிறது. ஒரே சில்லில் ஓட்டுவது சுருக்கத்தின் யோசனைதான். ஆனால் உப்புநீர் விட்டுப் பார்க்க அன்றைக்கே எனக்கு என்ன கேடு? ஏழு என்றதும் கட்டிப்பிடிக்கப் போனேனே தவிர, இதைச் செய்யத் தோன்றவில்லையே.

அக்காவிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "டீச்சரோட செல்ல எடுத்து வச்சிருக்கியா?" என்றார். இருக்கிறது, கண்ணாடித் தகட்டில், உறைபெட்டியில். "அப்போ அழாத. என் புட்டியில வளர்றது எப்பவோ செத்துப்போன ஒரு மனுஷனோடது. புராஸ்டேட்ல வந்த புத்து. உன் டீச்சர் பொம்பளை. ஆண் குரோமோசோம் இருக்கா இல்லையான்னு சாயம் போட்டுப் பாத்துடுவோம்."

அழுதுகொண்டிருந்தேன் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 24, செவ்வாய்

பன்னிரண்டு செல். பன்னிரண்டும் ஆண்.

அக்கா நுண்ணோக்கியிலிருந்து நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஒவ்வொரு செல்லிலும் சின்னதாக ஒரு புள்ளி மின்னுகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு அழகான தோல்வியை நான் பார்த்ததில்லை.

மார்ச் 25, புதன்

"சுருக்கமா சொல்லு" என்றார்.

"சார், அது ஆம்பளை செல்."

"என்னது?"

"டீச்சர் ரத்தத்துல நாம புடிச்சது டீச்சரோடது இல்ல. பயிற்சி செல். மாநாட்டுக்கு அனுப்பினத திரும்ப வாங்கணும்."

முதலில் நம்பவில்லை. அப்புறம் தகட்டைக் காட்டினேன். அப்புறம் கோபம். கழுவச் சொன்னேனே, கழுவினாயா என்றார். கழுவினேன் என்றேன். ஒரே சில்லில் ஓட்டச் சொன்னது யார் என்று நானும் கேட்டேன். கதவு திறந்திருந்தது, நடைபாதையில் போனவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "யாராவது கண்டுபிடிக்கிற வரைக்கும் விட்டிருந்தா மானம் போயிருக்கும். இப்ப பேச்சு மட்டும்தான் போகுது" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம்.

திங்கள் வரைக்கும் டீச்சர் எப்படி இருப்பாங்க?

மார்ச் 26, வியாழன்

நீச்சல் குளத்துக்குப் போனேன். போகக் கூடாது என்று தெரிந்தே போனேன்.

கூரை போட்ட குளம். பிள்ளைகள் கத்துவது நாலு சுவரிலும் மோதித் திரும்புகிறது. தண்ணீருக்குள் வேறு யாரோ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஓரத்து பெஞ்சில், சாதாரண உடுப்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை காய்ந்திருந்தது. அவர் தலை காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அன்றைக்கு என் முகத்தில் பார்த்தது எதனால், அந்தச் செல் யாருடையது, எப்படி வந்தது. எல்லாம். அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"முடிச்சிட்டேன் டீச்சர்."

"அன்னிலேருந்து நான் தண்ணியில இறங்கல. பசங்கள அந்தப் பொண்ணுகிட்ட ஒப்படைச்சிட்டேன். தங்கச்சியக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிட்டேன். அவ வேலைய விட்டுட்டு வந்து எங்க வீட்ல உக்காந்திருக்கா. ராத்திரி எல்லாம் நான் மூச்சு விடறேனான்னு பாக்கறா. இப்ப வந்து, ஆம்பளை செல்லுங்கற."

"மன்னிச்சிடுங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லல. அதனாலதான் எனக்கு எல்லாம் புரிஞ்சுது. சொல்லக் கூடாதுன்னா முகத்தையும் வீட்டுல வச்சிட்டு வரணும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத் தரை.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லைங்கறியா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. "அது எனக்குத் தெரியாது டீச்சர். அன்னிக்குப் பாத்தது உங்களோடது இல்ல. அது மட்டும்தான் தெரியும்."

"இவ்வளவு படிச்சும் அவ்வளவுதானா" என்றார். பிறகு, "போ. இப்ப உன்னப் பாக்க எனக்குப் பிடிக்கல."

வந்துவிட்டேன். நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போனேனா? கொஞ்சம் எதிர்பார்த்திருக்கிறேன் போல. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

டாக்டரம்மா நிற்க வைத்துத் திட்டினார். "ரெண்டு தடவை விதிய மீறியிருக்கீங்க. ஒரு தடவை முகத்தால, ஒரு தடவை வாயால. ரெண்டாவது தடவை எங்கிட்ட விட்டிருந்தா நான் பக்குவமா சொல்லியிருப்பேன்."

சரிதான். திங்கள் வரை ஏன் நான் பொறுக்கவில்லை? டீச்சருக்காகவா, எனக்காகவா?

ஆய்வு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. யாரும் வரவில்லை. உட்கார்ந்து, அந்தப் பொந்தும் இல்லாமல், சில்லு மாற்றினாலும் பொருத்தம் விலகாமல் ஒரு மூட்டு வரைந்தேன். கசிகிறது.

ஏப்ரல் 22, புதன்

கசிகிறது.

மே 4, திங்கள்

கசியவில்லை. குமிழி.

சுருக்கம் என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று வந்து பின்னால் நின்றார். குமிழியைப் பார்த்தார். "இத நான் உன் வயசுல திட்டின திட்டு இருக்கே" என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். நடுவில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மே 21, வியாழன்

தெரியாத எண்ணிலிருந்து செய்தி: "ஸ்கேன் எடுத்தாச்சு. சுத்தம். உன்கிட்ட சொல்லணும்னு எனக்கு இல்ல. என் தங்கச்சிதான் சொல்லச் சொன்னா."

பதில் என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து, "தங்கச்சிக்கு நன்றி" என்று மட்டும் அனுப்பினேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். லிப்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 2, வியாழன்

அனுமதி திரும்பக் கிடைத்தது. புது விதிகள், பாதி டாக்டரம்மா எழுதியவை, பாதி நான். பயிற்சி செல்லைத் தொட்ட சில்லு ரத்தத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் வெறும் உப்புநீர் ஓட்டி அதையும் எண்ண வேண்டும். ரத்தம் மருத்துவமனையிலேயே எடுக்கப்படும். குழாயில் எண் மட்டும் இருக்கும். நான் எண்ணினதை டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்வேன். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை செல் வந்தால் ஸ்கேனை முன்னால் தள்ளலாம் என்று குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

புதிதாக நிறைய பேர் சேர்ந்திருக்கிறார்கள், பழைய மூன்று பேரும் திரும்ப வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். "டீச்சருமா?" என்றேன். தலையசைத்தாள். எந்த எண் என்று அவள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

நோய் பரவியிருப்பது நிச்சயம் என்று தெரிந்த நோயாளிகளின் ரத்தம் சோதனைக்கு வந்தது. பாதிப் பேருக்கு மேல் செல் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றும் அவரவருடையதுதான், அக்கா சரிபார்த்தார். கருவி வேலை செய்கிறது. இதை எழுதும்போது குதிக்க வேண்டும்போல இருந்திருக்க வேண்டும். தலைவலி.

செப்டம்பர் 1, செவ்வாய்

பதினோராம் எண்ணில் மூன்று. மற்ற எல்லாக் குழாயிலும் பூஜ்ஜியம். முன்னால் ஓட்டிய உப்புநீரிலும் பூஜ்ஜியம். பதினொன்று இன்று ஓடியது நடுவில், முதலில் அல்ல. அதை வேண்டுமென்றே மறுபடி மறுபடி பார்த்தேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

பதினோராம் எண்ணில் நான்கு.

சில்லு புதிது. உப்புநீர் சுத்தம். குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தை வேறொரு சில்லில் ஓட்டினேன், அதிலும் இரண்டு. தகட்டை அக்காவிடம் கொடுத்தேன். அவர் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். "பொம்பளை" என்றார்.

சுருக்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எண்ணையும் எண்ணிக்கையையும் படித்தேன். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு நின்றது.

"சரி" என்றார். "இந்த வாரமே ஸ்கேன் போட்டுடறேன். இப்பவே கூப்பிட்டு வரச் சொல்றேன். சீக்கிரம் தெரிஞ்சதால செய்யறதுக்கு நிறைய இருக்கு."

யாரை என்று நான் கேட்கவில்லை.